ஓய்வு நிலைப் பயிற்சி

ஜூலை 2, செவ்வாய்

என் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். கல்லாங்காடு வட்டாரத்தில், பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறன் குழந்தைகளின் வீட்டுக்கே சென்று பயிற்சி அளிக்கும் சிறப்பாசிரியராக நான் தொடர்கிறேன். பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் கனிஷ்கா. ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். யாராவது பிடிக்காமல் உட்கார முடியாது. பேச்சு இல்லை. நகைச்சுவை உணர்வு நிறைய உண்டு; அதற்கு, ஒவ்வொரு வருகையையும் நான் பதியும் கைப்பேசிச் செயலியில் கட்டம் இல்லை.

அவளுடைய அம்மா மேகலா தறி ஓட்டுகிறாள், இரவு ஷிப்ட். அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு கதவும்தான். தறிகள் ஓடும்போதே அவ்வப்போது ஓடிவந்து மகளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். அப்பா வடக்கே லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்து, குளித்து, போகிறார். இரவெல்லாம் தறி, பகலெல்லாம் மகள். மேகலா எப்போது தூங்குகிறாள் என்றால், நான் வரும்போது.

இன்றும் அப்படித்தான். "வாங்க டீச்சர், டீ வைக்கட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றித் திரும்பினேன். சுவரோரம் சுருண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கனிஷ்காவின் கால்களை நீட்டி மடக்கினேன், கரண்டி பிடிக்கப் பழக்கினேன். மேகலாவுக்குக் குறட்டை வரும்போதெல்லாம் கனிஷ்கா உடம்பு குலுங்கச் சிரித்தாள். 'ஒலிக்குத் துலங்கல்: நன்று' என்று பதிந்தேன்.

அடுத்த கட்டம், 'பெற்றோர் பங்கேற்பு'. பெற்றோர் உடனிருந்து கற்க வேண்டும் என்பது விதி. பங்கேற்பு குறைவு என்று இரண்டு முறை பதிந்தால் வீட்டு வருகை நின்றுவிடும். குழந்தையை அவர்களே வட்டார வள மையத்துக்குத் தூக்கி வர வேண்டும். மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கனிஷ்கா மூட்டையைப் போலக் கனப்பாள். மூட்டையைப் போலச் சும்மா இருக்க மாட்டாள்.

'மிக நன்று' என்று பதிந்தேன். இதில் பொய் ஏதும் இல்லை. பயிற்சி முடியும்வரை அந்தத் தாய் அறையை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்து, பகலில் என் கணவரைப் பார்த்துக்கொள்ளும் அம்சவேணியக்காவை அனுப்பிவிட்டு, கணவருக்குக் கஞ்சி கொடுத்தேன். அவர் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. பெட்ஷீட்டுகள் ஊறுகின்றன.

ஜூலை 5, வெள்ளி

கனிஷ்கா. குறட்டை. மிக நன்று.

ஜூலை 8, திங்கள்

மையத்தில் மாதாந்திரக் கூட்டம். மேற்பார்வையாளர் திருமலைசாமி கணக்காசிரியராக இருந்தவர். நூற்றுக்கு நூறு தவிர மற்ற எண்கள் எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இன்று நூற்றுக்கு நூறின் மீதும் வந்துவிட்டது.

"மேடம், உங்க பதிவுல ஒரு அம்மாவுக்கு மட்டும் வருசம் பூரா மிக நன்று. மத்தவங்களுக்கு நன்று, சுமார்னு கலந்து போட்டிருக்கீங்க. இந்த அம்மாவுக்கு ஒரு நாள்கூடக் குறையலியே?"

"அந்த அம்மா அப்படிங்க சார்."

"அப்படின்னா?"

"நான் போனதுல இருந்து கிளம்புற வரைக்கும் பக்கத்துலயே இருப்பாங்க. ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டாங்க."

"அடேயப்பா! இந்தக் காலத்துல இப்படி ஒரு அம்மாவா!" என்று குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். எனக்கும் சற்றுப் பெருமையாக இருந்தது.

கூட்டத்தில் எடுத்த முடிவுகள்: கழிவறைச் சாவி இனி மேற்பார்வையாளர் மேசையில் இருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

மேகலா இன்று பாதியில் விழித்துக்கொண்டாள். பட்டறையில் ஏதோ ஒரு தறி நின்றுவிட்டதாம். எனக்கு எல்லாத் தறிகளும் ஒரே இரைச்சல். அவளோ தறி ஓடினால் தூங்குகிறாள், நின்றால் எழுந்துவிடுகிறாள்.

"என்னைய நாலு திட்டுத் திட்டுங்க டீச்சர். நீங்க வந்து பாப்பாவுக்குப் பண்ணிட்டிருக்கீங்க, நான் மகாராணியாட்டம் கெடக்கறேன்."

"மகாராணிகள் இப்படிக் குறட்டை விட மாட்டார்கள்."

"அய்யோ, விடறேனுங்களா?"

கனிஷ்காவிடம் திரும்பி, "அம்மா எப்படி?" என்று கேட்டேன். அவள் மூக்கைச் சுருக்கிக் கர்ரென்று ஓர் ஒலி எழுப்பினாள். அது குறட்டைதான், மிகத் துல்லியமான குறட்டை. இந்த ஆண்டு அவள் கேட்டுத் திருப்பிச் செய்த முதல் ஒலி. மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "பேசறா டீச்சர்" என்றாள். நானும் அப்படித்தான் பதிந்தேன்.

நூலகத்திலிருந்து எடுத்த தடித்த நாவலில் கதாநாயகன் ரயிலுக்காகக் காத்திருக்கிறான். அரைப் பக்கம் படித்தேன். இன்னும் காத்திருக்கிறான்.

ஜூலை 17, புதன்

காலையிலேயே திருமலைசாமியின் அழைப்பு. குரலில் திருவிழா.

"மேடம், நம்ம வட்டாரத்துக்குப் பெருமை! மாவட்டத்துலயே சிறந்த பெற்றோர்னு உங்க மேகலாவத் தேர்ந்தெடுத்திருக்காங்க. வருசம் பூரா மிக நன்று வாங்கினது மாவட்டத்துலயே அவங்க ஒருத்தர்தானாம். கம்ப்யூட்டரே எடுத்துக் குடுத்துருச்சுங்க!"

ஆகஸ்ட் 23 அன்று மாவட்டத் தலைநகரில் விழா. பிற வட்டாரங்களிலிருந்து தாய்மார்கள் வருகிறார்கள். மேகலா மேடையில் தன் மகளுக்கு வீட்டில் அளிக்கும் பயிற்சிகளை இருபது நிமிடம் செய்து காட்ட வேண்டும். வீடியோ எடுத்து எல்லா வட்டாரங்களுக்கும் அனுப்புவார்களாம்.

"சார், அவங்களுக்குக் கூச்ச சுபாவம். வேற யாரையாச்சும்..."

"வேண்டாம்னா காரணம் எழுதணும் மேடம். காரணம் எழுதினா ஒரு குழு வீட்டுக்கு வந்து பாக்கும். எதுக்குங்க அதெல்லாம்? தினமும் செய்யறதத்தான செய்யப் போறாங்க?"

உண்மைதான். தினமும் செய்வதை மேடையில் செய்தால் போதும் என்றால் ஒரு பாய் மட்டும் கொண்டு போனால் போதும்.

என் பிழை எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். பிற தாய்மார்களுக்கு உள்ளதை உள்ளபடி பதிந்தேன். அதனால்தான் மேகலா தனியாகத் தெரிந்துவிட்டாள். எல்லோருக்கும் சமமாகப் பொய் எழுதியிருந்தால் ஒருவருக்கும் ஆபத்து வந்திருக்காது.

வீட்டில் அவர் இன்று மூன்று சொற்கள் பேசினார். தண்ணீர், விசிறி, இன்னொன்று புரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மேகலாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே டீச்சர்."

"தெரியும் என்று ஒரு வருடமாக எழுதியிருக்கிறேன்."

"ஏனுங் அப்படி எழுதுனீங்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவளிடமும் அதே பதில்தான் இருந்தது. மையத்துக்கு எந்தெந்த பஸ் என்பது அவளுக்குத் தெரியும்.

"வர்ற செவ்வாய்க்கெழமைல இருந்து சொல்லிக் குடுங்க" என்றாள். "இன்னைக்கு மட்டும் தூங்கிக்கறேன்."

ஜூலை 23, செவ்வாய்

முதல் வகுப்பு. மேகலா முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கால் நீட்டல் சொல்லிக் கொடுத்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு கை, குதிகாலில் ஒரு கை, மெதுவாக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும்.

ஆறுக்குப் பிறகு எண்ணிக்கை வரவில்லை. பார்த்தேன். மகளின் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்த நிலையில் தூங்கியிருந்தாள். பிடி மட்டும் தளரவில்லை. கனிஷ்கா என்னைப் பார்த்து, நாம் இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்பது போலக் கண்ணை உருட்டினாள்.

ஒரு மாதத்தில் இவள் கற்றுக்கொண்டுவிடுவாள். முதன்முதலாக என் பதிவு உண்மையாகப் போகிறது. அதனால் அவள் தூக்கம் போகிறது. உண்மைக்கு இவ்வளவு செலவாகும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

இடுப்புச் சுழற்றல். மேகலா தூங்கவில்லை. கிள்ளிக்கொண்டே இருந்தாள் என்பது கையைப் பார்த்தால் தெரிந்தது.

ஜூலை 30, செவ்வாய்

அம்சவேணியக்கா வரவில்லை. அரை நாள் விடுப்பு. கனிஷ்கா வீட்டுக்குப் போகவில்லை. மேகலா போனை எடுக்கவில்லை, அந்தப் பக்கம் போன ஒரு பெண்ணிடம் சொல்லியனுப்பினேன். "அப்ப இன்னைக்குப் பாடம் இல்லீங்களா?" என்று கேட்டாளாம், சொன்ன பெண் சொன்னாள். அதில் வருத்தம் இருந்ததா மகிழ்ச்சி இருந்ததா என்று கேட்டேன். கொட்டாவி இருந்தது என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. விடுமுறை. அவருக்குத் தலைக்கு ஊற்றினேன். துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். எடுத்தேன்.

மேகலா போனில் அழைத்தாள். பட்டறை இன்றும் ஓடுகிறதாம்.

"லீவுதானுங்க டீச்சர்? நல்லாத் தூங்கி எந்திரிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் விழித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று மேகலாவின் முகம் சரியில்லை. நேற்று இரவு இரண்டு தறிகளில் பாவு நூல் அறுந்ததைப் பார்க்காமல் ஓட விட்டிருக்கிறாள். துணியில் நீளமாக இழை விட்டுப் போயிருக்கிறது. நின்றபடியே தூங்கியிருக்கிறாள்.

"முதலாளி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் திட்டலீங்க. அதான் பயமா இருக்குது. 'இன்னொருக்கா இப்படியாச்சுன்னா ஒடிசாக்காரங்க புருசன் பொண்டாட்டியா வர்றாங்க மேகலா, அவங்க கிட்டத் தறிய விட்டுருவேன்'னார். தறி போனா இந்த லைன் வீடும் போச்சுங்க டீச்சர். தறி ஓட்டறவங்களுக்குத்தான வீடு."

இன்று பாடம் வேண்டாம், படுத்துக்கொள் என்றேன்.

"மேடையில என்னத்தப் பண்ணுவேன்? நீங்கதான மாட்டுவீங்க?"

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீங்க எதப் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டு மகளின் குதிகாலைப் பிடித்தாள். பத்து வரை எண்ணினாள். தப்பில்லாமல் எண்ணினாள். அப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து.

மையத்துக்கு எழுதிப் பார்த்தேன்: பெற்றோரின் பணிச்சூழல் கருதி விழாவிலிருந்து விலக்களிக்கலாமா? திருமலைசாமி உடனே பதில் போட்டார்: பேனர் அச்சாகிவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்றாவது பயிற்சி: குழந்தையின் பக்கத்தில் அதே மட்டத்தில் படுத்து, கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுதல். எளிது, மேடையில் பார்க்க அழகாக இருக்கும் என்று நானே சேர்த்தேன். படுத்தால் மேகலாவுக்கு என்ன ஆகும் என்று ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நானே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கனிஷ்காவை நாற்காலிக்குத் தூக்கி மாற்றியபோது மேகலா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க தூக்குறதப் பாத்தா பெரிய ஆளத் தூக்கிப் பழக்கமாட்டம் தெரியுதுங்."

"பணி அனுபவம்" என்றேன்.

"மருந்து வாசமும் வருதுங். வலிக்குப் போடறது."

"முதுகுவலிக்கு. எனக்குத்தான்."

கிளம்பும்போது என் பையை வாங்கிக்கொண்டு சாலைவரை வந்தாள். பையில் இரண்டு பொம்மையும் பட அட்டைகளும்தான். கனம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒத்திகை. மூன்று பயிற்சிகளையும் மேகலா பிழையின்றிச் செய்தாள். கனிஷ்காவும் ஒத்துழைத்தாள், இடது கால் முன்பைவிட நீள்கிறது. முடித்ததும் நான் கை தட்டினேன். மேகலா கும்பிட்டாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்து, மறந்து பொங்கவிட்டாள்.

'பெற்றோர் பங்கேற்பு: மிக நன்று.' பதிந்தேன்.

நூலகத்திலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. ரயில் வந்ததா என்று தெரியாமலே புத்தகத்தைத் திருப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் திருமணத்தின் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. மணமக்கள் பெயர் இருந்த இடத்தை மட்டும் நம் பேனரால் மறைத்திருந்தார்கள். மேகலாவையும் கனிஷ்காவையும் மணமக்கள் சோபாவில் உட்கார வைத்தார்கள். மெத்து மெத்தென்ற சோபா. எனக்கு அப்போதே பயம் வந்தது.

மேகலா இரவு ஷிப்டை முடித்துவிட்டு நேராக வேனில் ஏறியிருந்தாள். ஒரு நாள் விடுப்புக் கேட்க முதலாளியிடம் வாய் வரவில்லை என்றாள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். அதுவரை ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அதே பாட்டை மறுபடி போட்டார்கள். நான் சோபாவுக்குப் பின்னால் நின்று மேகலாவின் தோளை அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பாராட்டுவதாகத் தெரிந்திருக்கும்.

"சிறந்த பெற்றோர் திருமதி மேகலா அவர்கள்" என்று மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வித்யாவதி மேடம் அறிவித்தார். பாய் விரித்தார்கள். கனிஷ்காவைப் படுக்க வைத்தோம். அவள் தலைமாட்டில் ஒரு மைக்கும் வைத்தார்கள், குழந்தையின் ஒலிகள் பதிவாக வேண்டுமாம்.

முதல் பயிற்சி. நன்றாகச் செய்தாள். தாய்மார்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது. இன்னும் நன்றாகச் செய்தாள். கை தட்டினார்கள். வீடியோக்காரர் கிட்டே வந்தார். மூன்றாவதற்கு மேகலா மகளின் பக்கத்தில் படுத்தாள். கண்ணுக்குக் கண் பார்த்தாள். "கனிக்குட்டி" என்றாள்.

அவ்வளவுதான்.

மண்டபம் காத்திருந்தது. உருக்கமான ஒரு மௌனம் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கில் மேகலாவின் குறட்டை கேட்டது. நல்ல ஒலிபெருக்கி. மண்டபத்தின் கடைசி மூலைவரை போயிற்று. அதற்கு மேலே கனிஷ்காவின் சிரிப்பு.

வித்யாவதி மேடத்தின் முகம் மாறுவதைப் பார்த்தேன். திருமலைசாமி என்னைப் பார்த்தார். அடுத்து நடக்கப் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: விசாரணை, குழு, மையம், இரண்டு பஸ். மேடையில் ஏறி மைக்கை எடுத்தேன். நான் சொன்னதைக் கூடியவரை அப்படியே எழுதுகிறேன்.

"இப்போது நீங்கள் பார்ப்பது நான்காம் நிலை. இதற்கு ஓய்வு நிலைப் பயிற்சி என்று பெயர். பராமரிக்கும் பெற்றோரின் உடல் முழுமையாகத் தளரும்போது அருகிலுள்ள குழந்தையின் தசை இறுக்கமும் குறைகிறது. குழந்தை மகிழ்ச்சியாக இருப்பதைக் கவனியுங்கள். இந்த நிலையில் பெற்றோரை எழுப்பக் கூடாது."

கனிஷ்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் வாதம் வலுவாக இருந்தது.

பின்வரிசையில் ஓர் அம்மா கையை உயர்த்தினார். மடியில் ஒரு பையன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், தலை நிற்காத பையன். "மேடம், மத்த மூணு பயிற்சியும் எங்களுக்குத் தெரியும். இந்த நாலாவத எப்பச் சொல்லித் தருவீங்க?" என்றார். மண்டபம் சிரித்தது. தாய்மார்கள் பகுதி மட்டும் சிரித்தது என்று சொல்ல வேண்டும். அலுவலர்கள் பகுதி குறிப்பெடுத்தது.

"இந்த நிலை எத்தனை நிமிடம்?" என்று வித்யாவதி மேடம் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

"குறைந்தது முப்பது நிமிடம்" என்றேன்.

இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருக்கலாம். மேடையில் கூச்சமாகிவிட்டது.

வேனில் திரும்பும்போது மேகலா நினைவுப் பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "மூணாவது நல்லாப் பண்ணுனனுங்களா?" என்றாள்.

"நான்காவதும் பண்ணினாய்."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கனிஷ்கா. பாடம் இல்லை. மேகலா தூங்கினாள், நான் வந்ததிலிருந்து கிளம்பும்வரை. பட்டறையில் துணி சுத்தமாக வருகிறதாம். ஒடிசாக்காரர்களைப் பற்றிப் பேச்சில்லை. இடது கால் நீட்டல் நான்தான் செய்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதத் தோன்றுகிறது. அரசுப் பணியில் அப்படி எழுதக் கூடாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. 'ஓய்வு நிலைப் பயிற்சி' மாவட்டம் முழுவதும் நடைமுறைக்கு வருகிறது. ஒவ்வொரு வீட்டு வருகையின்போதும் பெற்றோர் முப்பது நிமிடம் கட்டாயமாக ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு முறை படித்தேன். இருபத்தோரு ஆண்டுப் பணியில் நான் உருவாக்கிய ஒரே திட்டம். அதுவும் தப்பிப்பதற்காகச் சொன்ன பொய்.

இரண்டாம் பக்கம் நடைமுறை விதிகள். முறைகேடுகளைத் தவிர்க்கும் பொருட்டு, ஓய்வெடுப்பவர் உரிய பெற்றோர்தான் என்பதைச் செயலியில் முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். ஓய்வின் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. காட்டப்படுவது புகைப்படம் அல்ல, உயிருள்ள முகம் என்று செயலி அறிவதற்காகப் பெற்றோர் கண்களைச் சிமிட்ட வேண்டும். இரண்டு வருகைகளில் உறுதிப்படுத்தப்படாவிட்டால் பயனாளி மையத்துக்கு மாற்றப்படுவார்.

திருமலைசாமியை அழைத்தேன்.

"சார், தூங்கறவங்க எப்படிங்க சிமிட்டுவாங்க?"

"எழுப்பிச் சிமிட்டச் சொல்லிட்டு மறுபடி தூங்கச் சொல்லுங்க மேடம். நம்ம வட்டாரத்துல வந்த திட்டம். நம்மளே குறை சொன்னா நல்லா இருக்காது."

செப்டம்பர் 6, வெள்ளி

மேகலா படுத்தாள். எழுப்பினேன். சிமிட்டினாள். படுத்தாள். அவள் கண் செருகிய நேரத்தில் செயலி மணி அடித்தது. எழுப்பினேன். முகம் தெளிவாக இல்லை, வெளிச்சத்துக்கு வரவும் என்றது. வாசலுக்கு வந்து வெயிலில் நின்று சிமிட்டினாள். மறுபடி படுத்தாள். தூக்கம் வரவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முடிவில், படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிமிட்டினாள்.

'ஓய்வு நிறைவடைந்தது. நன்று.'

"டீச்சர், இதுக்கு அந்தக் கால் நீட்டறதே தேவலீங்க" என்றாள். "இனிமே வர்றப்பல்லாம் இப்படித்தானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"ராத்திரி மறுபடி நூல் அறுந்துரும்" என்றாள். என்னிடம் சொன்னது போல இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நான் போனபோது மேகலா விழித்தே உட்கார்ந்திருந்தாள், எப்படியும் எழுப்பத்தானே போகிறார்கள் என்று. ஞாயிறு இரவு ஒரு தறியில் மறுபடி இழை விட்டிருக்கிறது. முதலாளி இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பார்.

"படு" என்றேன்.

"மணியடிக்குமேங்க?"

"படு."

படுத்தாள். தூங்கிவிட்டாள். செயலியைத் திறந்தேன். முகம் காட்டும் பக்கத்தின் அடியில், 'பெற்றோரின் முகத்தைப் புதுப்பிக்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. கண்ணாடி போட்டவர்கள், மொட்டை அடித்தவர்களுக்காக வைத்திருப்பார்கள். அதை அழுத்தி என் முகத்தைக் காட்டினேன். இடம், வலம், மேலே பார்க்கச் சொன்னது. பார்த்தேன். புதுப்பிக்கப்பட்டது என்றது.

கைப்பேசியை மூடிவிட்டுக் கனிஷ்காவின் கால்களை நீட்டினேன். மணி அடித்தபோது என் முகத்தைக் காட்டிச் சிமிட்டினேன். நடுவில் ஒரு முறை. முடிவில் ஒரு முறை. ஒரு தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. 'பெற்றோர்: மேகலா. ஓய்வில் உள்ளார்.' திரையில் என் முகத்தைப் பார்த்தேன். ஓய்வில் உள்ளவரின் முகமாகத் தெரியவில்லை. ஆனால் செயலியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இது முறைகேடு. கண்டுபிடித்தால் ஒப்பந்தம் போகும். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மேகலா தானாகவே விழித்தாள். வெளியே வெயில் இறங்கியிருந்தது. பதறி எழுந்தாள்.

"என்னங்க டீச்சர், எழுப்பவே இல்லீங்க? சிமிட்டலயே நானு?"

"சிமிட்டியாயிற்று."

"ஆரு சிமிட்டுனது?"

கைப்பேசியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். தன் பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உங்க வீட்டுல ஆருங்க டீச்சர் படுத்த படுக்கையா?" என்று கேட்டாள்.

"கணவர்."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாக."

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தான் படுத்திருந்த தலையணையை உதறி, திருப்பிப் போட்டு, சுவரோரம் தள்ளினாள்.

"படுங்க."

"விதியில் இடமில்லை, மேகலா."

"அதான் போட்டிருக்குதுல்லீங்க, பெத்தவங்க கட்டாயம் ஓய்வெடுக்கோணும்னு. உங்க மூஞ்சியத்தான குடுத்திருக்கீங்க? நான் பாப்பாவப் பாத்துக்கறேன். ஷிப்டுக்கு நேரமிருக்குது."

கிளம்ப வேண்டும், அம்சவேணியக்கா காத்திருப்பார் என்று சொன்னேன். முதுகைச் சற்று நீட்டிக்கொண்டு உடனே எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரைச்சல் தாங்க முடியாதது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது; அம்சவேணியக்கா வாசலிலேயே நின்றார். அவருக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருந்தார். கோபம் எல்லாம் என் மேல்தான். "எத்தன தடவ கூப்பிடறது? செத்துக் கித்துப் போயிட்டீங்களோன்னு இருந்துச்சு!"

கைப்பேசி என் கையிலேயே இருந்தது. ஒலி அடைக்கப்படவில்லை. அடித்தது எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.